அழுத்தினால் கேட்கும்

"கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்,
கேட்காவிட்டால் சும்மா இருங்கள்."
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து
ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்.
ஊகித்து அழுத்துகிறவர்களைத் தெரியும்.
சான்றிதழுக்காகக் கேட்காததுபோல் இருப்பவர்களையும்.

என் காரில் அது தலைகீழ்.
அழுத்தினால்தான் கேட்கும்.

தொண்ணூற்றெட்டு மாடல் மாருதி எண்ணூறு.
கிளட்ச்சில் கால் பட்டதும்
தகரத்தை ஆணியால் கிழிக்கிற கீச்சு.
எடுத்தால் நின்றுவிடும்.
முதலில், மழைக்கு அப்படித்தான் என்றேன்.
பிறகு பெடல் காய்ந்திருக்கும் என்று எண்ணெய் விட்டேன்
(தேங்காய் எண்ணெய், கைக்கு அதுதான் கிடைத்தது).
பிறகு ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
நான்காயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும் என்று
தொழில்முறைக் கணிப்பு மட்டும் கைவசம் இருந்தது.
எட்டு மாதம்.

திங்கள்நகரில் ததேயுவின் பட்டறை.
அடுத்த கட்டடத்திலிருந்து ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை.
"கிளட்ச்சுல சத்தம்" என்றேன்.
கண்ணைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.
என்ன ஆள் இவன் என்று தோன்றியது.
"தொட்டதுமேயா? முழுசா சவிட்டும்போதா?"
அது நான் கேட்கிற மாதிரியான கேள்வி.
ஒரு காதிலா, இரண்டிலுமா,
விசிலா, இரைச்சலா.
பதில் சொல்கிற பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லை எனக்கு.

நியூட்ரலில் ஓடவிட்டான்.
முழ நீளத் திருப்புளி ஒன்றை எடுத்தான்.
நுனியை கியர்பாக்ஸ் மேல் ஊன்றி
பிடியைக் காதுக்குப் பின்னால்
அந்த எலும்பு மேட்டில் வைத்தான்.

என் விரல்கள் தாமாக அசைந்தன.
முடியை ஒதுக்கி, பிசகாமல்,
அதிர்வுக் கட்டையை நான் தினமும் வைக்கிற இடம்.

"சிப்பிக்கு முங்குனதுல ரெண்டு சவ்வும் போச்சு சிஸ்டரே.
கடியப்பட்டணம் பாறையில, பதினாலு வயசு.
ஆளு பேசுனா வாயப் பாத்துக்கிடுவேன்,
இரும்பு பேசுனா இப்பிடி."
காற்று வழி அடைப்பு, எலும்பு வழி சுத்தம்.
மனதுக்குள் வரைபடமே போட்டுவிட்டேன்.

"சவிட்டுங்க."
விரலைத் தூக்கினான்.
"விடுங்க. பாதி. அதுலயே நில்லுங்க."
நான் அழுத்தினேன், அவன் கேட்டான்.
விரல் ஏறியது, இறங்கியது.
காலை முழுசாக எடுத்த பிறகும்
ஒரு தடவை ஏறியது.

"இது வேற."

திருப்புளியை என்னிடம் நீட்டினான்.
உதவிக்கு நின்ற பையன் என் இடத்தில் ஏறி உட்கார்ந்தான்.
எலும்பில் வைத்ததும் வந்தது:
கீச்சுக்கு அடியில் இன்னொன்று,
ஈர மணலைப் பூட்ஸ் நெரிப்பதுபோல.
பையன் சவிட்டினால் அடங்கியது.
விட்டால் மறுபடி.

"கீச்சு, ரிலீஸ் பேரிங்.
இது உள்ள, ஷாஃப்ட்டுக்க பேரிங்.
எத்தன நாளாச்சு?"
"எட்டு மாசம்."
"அது கீச்சுக்கு. இதுக்கு?"
தெரியவில்லை.
"நீங்க காலு எடுக்கதே இல்லியோ?"

கிளட்ச் ரப்பர் நாணயம்போல் வழுவழுத்திருந்தது.
பிரேக் ரப்பரில் கோடுகள் அப்படியே.
வெட்டூர்ணிமடம் நெரிசலில், சிக்னலில்,
காலியான நான்குவழிச் சாலையில்கூட
இடது கால் அங்கேயே இருந்திருக்கிறது.
ஓட்டப் பழக்கியவர் பக்கத்து சீட்டிலிருந்து
"கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவார்.
அவர் அந்த சீட்டை விட்டுப் போய் ஆறு வருடம்.
காலுக்கு யாரும் சொல்லவில்லை.

பேரிங் விலை கொஞ்சம்தான்,
கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலிதான் கூலி
என்று அட்டையில் எழுதித் தந்தான்.
"புதன்கிழமை ஆசாரிபள்ளம் வாங்க,
சவ்வை ஒட்டிப் பாக்கலாம்" என்றேன்,
உதடுகளை நன்றாகத் திறந்து.
"புதன் உங்க வண்டி பிரிச்சுக் கிடக்குமே"
என்று சிரித்துவிட்டு, ஸ்பானரைத் தேடப் போனான்.

நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்.
இரணியல் வளைவில்
என் இடது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது.
ஒன்றும் கேட்கவில்லை.
இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.